நாலு கிலோ எழுநூறு கிராம் புலி

இனிமே என் வீட்டுல நான் வச்சதுதான் சட்டம்னு முடிவெடுத்தேன். முடிவெடுத்த இடம், போடிமெட்டுல இருந்து ஜீப்பு இறங்குற பாதையில ஒரு கொண்டை ஊசி வளைவு. அந்தச் சட்டம் என் மடியிலேயே இருந்துச்சு. உள்ள இருக்கது தெரியுற பிளாஸ்டிக் பை, அதுக்கு ஜிப்பு, தூக்குறதுக்குக் கைப்பிடி. பைக்குள்ள புலி.

பயந்துராதீங்க, போர்வைதான். புலிப் படம் போட்ட போர்வை. தொட்டா பூனைக்குட்டி முதுகு மாதிரி இருக்கும். என் மகளுக்கு வாங்குனது.

ஜீப்புல பக்கத்துல இருந்த பெரியவர் பையை மேலயும் கீழயும் பாத்தாரு. “என்ன அப்பு, கடை வைக்கப் போறீகளா?”

“பிள்ளைக்குண்ணே.”

“எத்தனை பிள்ளைக்கு?”

ஒரு அப்பன் ஆசையா ஒண்ணு வாங்கிட்டுப் போனா இந்தச் சனத்துக்குப் பொறுக்காது. நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்.

என்னைப் பத்திச் சொல்லிர்றேன், பொறவு நியாயத்தை நீங்களே சொல்லுங்க. பேரு விஜயபாண்டி. விஜயமெல்லாம் பேரோட சரி. சோலி, மலை மேல ஏலக்காய் ஸ்டோர்ல. ஸ்டோர்னதும் சாமான் விக்கிற கடைன்னு நினைச்சுராதீங்க. பறிச்ச பச்சைக் காயைத் தட்டுல பரப்பி, கீழ விறகுத் தீ மூட்டி, முழுசா ஒரு நாள் காய வைக்கிற கட்டடம். உள்ள அம்பது டிகிரி. பதினாறு வருசமா நான் அதுக்குள்ளதான் இருக்கேன். அதுல இருந்து வெளிய வந்தா, உங்களுக்கு வேர்க்குற ஊரு எனக்கு ஐஸ் பெட்டி. சித்திரை மாசத்துல போடி பஸ் ஸ்டாண்டுல குரங்கு குல்லாயோட ஒரு ஆளு நின்னா, அது நான்தான்.

பெண்டாட்டி பேரு மகாராணி. பேரு வச்சவுக விவரம் தெரிஞ்சேதான் வச்சிருக்காக. கல்யாணமான நாள்ல இருந்து எங்களுக்குள்ள ஒரே சண்டைதான். அவ காத்தாடியைப் போடுவா, நான் அமத்துவேன். அவ போடுவா, நான் அமத்துவேன். “உங்களுக்குக் குளிருச்சுன்னா ஒரு கம்பளி வாங்கிப் போர்த்துங்க, நான் ஏன் வெந்து சாகணும்?”னு ஒம்பது வருசமாக் கேக்குறா. எனக்கெதுக்குக் கம்பளி? மலையில படுக்குறப்ப ரெண்டு சாக்கு இருக்கு. வீட்டுல காத்தாடி சுவிச்சு இருக்கு. எனக்குன்னு ஒரு பொருள் வாங்குனா கை கூசும்ங்க, அப்படிப் பழகிருச்சு.

அந்த ஒம்பது வருசத்துக்குப் பொறவு பொறந்தவதான் எங்க அனுசியா. வயசு மூணரை மாசம். இங்கதான் என் வயித்தெரிச்சலே இருக்கு. எனக்கு மாசத்துக்கு நாலு நாள்தான் லீவு. அந்த நாலு நாள்ல முத ரெண்டு நாள் என்னைப் பாத்தா அழுவுறா. மூணாம் நாள் முறைக்கிறா. நாலாம் நாள் சிரிக்கலாமான்னு யோசிக்கிறப்ப நான் ஜீப்பு ஏறிர்றேன். அடுத்த மாசம் வந்தா பழையபடி அழுகை. பக்கத்து வீட்டு ராமுத்தாயைப் பாத்தா சிரிக்கிறா. ராமுத்தாய் வீட்டு ஆட்டைப் பாத்தாக் கூடச் சிரிக்கிறா. பெத்த அப்பனுக்கு ஆட்டுக்கு இருக்கிற மரியாதை கூட இல்லைன்னா வலிக்குமா வலிக்காதா?

நான் இல்லாட்டியும் நான் வாங்குன ஒண்ணாவது பிள்ளை மேல கிடக்கட்டும். அதைத் தொட்டுத் தொட்டு, இது எங்கப்பன் வாங்குனதுன்னு அதுக்கு ஒட்டுதல் வரட்டும். அதுக்குத்தான் போர்வை.

கூட வேலை பாக்குற பால்சாமிகிட்டச் சொன்னேன். அவன்தான் ராமுத்தாயோட வீட்டுக்காரன். “அண்ணே, நல்ல ரோசனை, இன்னைக்கே போவோம்”னு அவனே பூப்பாறைக் கடைக்குக் கூட்டிட்டுப் போனான். கடைக்கார சேட்டன் கையகலத்துல ஒரு துண்டை எடுத்துப் போட்டு, “கொச்சுக்கு இது மதி”ன்னாரு. சின்னப் பிள்ளைக்கு இது போதுமாம். எனக்கும் அது போதும்னுதான் பட்டுச்சு. பால்சாமி விடலை. “பெருசாப் பாருங்கண்ணே. பிள்ளை வளருமில்ல?”ன்னான். புலியை விரிச்சாங்க. கடையில பாதியை மூடிருச்சு. பால்சாமி சட்டைப் பையில இருந்து ஒரு நூலை எடுத்து, நீளத்துக்குப் பிடிச்சுப் பாத்து, தலையை ஆட்டுனான்.

“நூலு எதுக்குடா?”

“சும்மாண்ணே. பொருளுன்னா அளந்து வாங்கணும்ல.”

இவனுக்கு இம்புட்டுப் பொறுப்பு எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்கே ஆச்சரியம். ஸ்டோருக்குக் கொண்டு வந்து காய்த் தராசுல வச்சோம். நாலு கிலோ எழுநூறு. என் மக அஞ்சே முக்கால் கிலோ. பொருத்தமாத்தான் இருக்குன்னு நினைச்சுக்கிட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் வீடு வந்து சேந்தேன். வாசல்ல ராமுத்தாய் என் மகளை இடுப்புல வச்சிருந்தா. அனுசியா என்னைப் பாத்தா. குல்லாயைப் பாத்தா. ஊரே திரும்புற மாதிரி ஒரு அலறல்.

“வாங்கண்ணே, பிள்ளை உங்களைத்தான் தேடிக்கிட்டு இருந்துச்சு”ன்னா ராமுத்தாய். பொய் சொல்லவும் ஒரு முறை வேணாமா?

ராணி டீயோட வந்தா. வாங்கி ஒரே மடக்குல குடிச்சிட்டு, “ஏ புள்ள, ஆறிப் போனதைத்தான் குடுப்பியா?”ன்னேன். சொல்லிக்கிட்டே காலி டம்ளரை ராமுத்தாய் கையில குடுத்தேன். அவ “ஆத்தாடி!”ன்னு கீழ போட்டா. “அண்ணே, சுடுதுண்ணே!”ன்னு விரலை ஊதுனா. பொம்பளைகளுக்கு எல்லாமே மிகைதான்.

அதை விடுங்க. நான் பையைத் திறந்து புலியை எடுத்துக் கட்டில்ல விரிச்சேன். கட்டில் காணாமப் போச்சு.

“என்னங்க இது?”

“பிள்ளைக்குப் போர்வை.”

“பிள்ளைக்கா? இதுக்குள்ள பிள்ளையைப் போட்டா அடுத்த பொங்கலுக்குத்தான் தேடி எடுக்கணும்.”

“கிண்டல் பண்ணாத. கார்த்திகை மாசம். மலைக்காத்து வீசுது. பிள்ளை ஒத்தைச் சட்டையோட கிடக்கு. கல்நெஞ்சுக்காரியா நீயி?”

“எனக்கு இங்க கழுத்தெல்லாம் வேர்க்குது. மலைக்காத்து எங்க வீசுது?”

நான் அனுசியா பாதத்தைத் தொட்டுப் பாத்தேன். “பாரு, ஜில்லுன்னு இருக்கு!”

“கைகாலு அப்படித்தாங்க இருக்கும். பிடரியில தொட்டுப் பாக்கணும், இல்ல நெஞ்சுல. வேர்த்திருந்தா சூடு கூடிப் போச்சுன்னு அர்த்தம். ஊசி போடப் போனப்ப நர்சம்மா சொன்னாக.”

பிடரியில கை வச்சேன். “இதுவும் ஜில்லுன்னுதான் இருக்கு!”

ராணி வந்து அதே இடத்துல கை வச்சா. “நல்லா வெதுவெதுன்னு இருக்கு.” ராமுத்தாயும் வச்சுப் பாத்துட்டு, “ஆமாண்ணே, சரியாத்தான் இருக்கு”ன்னா. ரெண்டு பேரும் சேந்துக்கிட்டா நான் ஒருத்தன் என்ன பண்ண முடியும்?

“நர்சம்மா என்ன சொன்னாகன்னு கேளுங்க”ன்னு ராணி ஆரம்பிச்சா. “ஒரு வயசு வரைக்கும் தூங்குற பிள்ளை மேல எதையும் தளர்வாப் போர்த்தக் கூடாது. தலகாணி கூடாது, பொம்மை கூடாது. மல்லாக்கப் படுக்க வைக்கணும். குளிருச்சுன்னா சட்டையில ஒண்ணு கூடுதலாப் போடணும், அம்புட்டுத்தான். போர்வை மூஞ்சியில ஏறுச்சுன்னா பிள்ளைக்குத் தள்ளிவிடத் தெரியாதுங்க. மூச்சு முட்டிரும்.”

“நானெல்லாம் கம்பளி போர்த்தித்தான் வளந்தேன். செத்தா போயிட்டேன்?”

“போர்த்துனதாலதான் இப்படி ஆயிட்டீகளோ என்னமோ.”

ராமுத்தாய் முந்தானையை வாயில வச்சுச் சிரிச்சா. எனக்கு ரோசம் வந்துருச்சு. “ஏ மகாராணி! இந்த வீட்டுல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் பேச்சு எடுபடணும். நான் மலைக்குத் திரும்புறதுக்குள்ள இந்தப் போர்வை என் மக மேல கிடக்கும். கிடந்தே தீரும்!”

பெரிய சண்டைக்குத் தயாராத்தான் நின்னேன். அவ என்னை ஒரு மாதிரியாப் பாத்தா. பொறவு, “சரி. ஆனா புதுத் துணியை அப்படியே பிள்ளை பக்கத்துல கொண்டு போகக் கூடாது. சாயம் இருக்கும், கஞ்சி இருக்கும். துவைக்கணும்”ன்னா.

“துவை.”

“நான் பிள்ளையைப் பாக்கவா, புலியைக் குளிப்பாட்டவா?”

அப்ப எனக்கு உறைக்கலை. ஜெயிச்சுட்டேன்னு நினைச்சுக் குளிக்கப் போனேன். குளிச்சிட்டு வந்து, “என் எட்டு முழ வேட்டி எங்க?”ன்னேன். “துவைக்கப் போட்டிருக்கு, கைலியைக் கட்டுங்க”ன்னா. கட்டிக்கிட்டேன். காத்தாடி ஓடிக்கிட்டு இருந்துச்சு. அமத்துனேன்.

வெள்ளிக்கிழமை காலையில மொட்டை மாடியில நானும் புலியும். கையில ஒரு கத்தரிக்கோலைக் குடுத்துட்டா ராணி.

“முதல்ல அந்த அட்டையை நறுக்குங்க. பிள்ளை வாயில போட்டுரும். சுத்தி ஓரமெல்லாம் தடவிப் பாருங்க, பிசிறு நூலு இருந்தா அதையும் நறுக்குங்க.”

“ஒரு நூலு பிள்ளையை என்ன பண்ணும்?”

“கால் விரல்ல சுத்திக்கிட்டா ரத்தம் ஓடாது. பேசத் தெரியாத பிள்ளை அழத்தான் செய்யும், எதுக்கு அழுவுதுன்னு நமக்குத் தெரியாது.”

உக்காந்து ஓரம் ஓரமாத் தடவுனேன். ஒரு பக்கம் தடவி முடிக்கவே இடுப்பு போச்சு. பிறகு தொட்டியில முக்குனேன். உலர்ந்தப்ப நாலு கிலோ எழுநூறுன்னா, நனைஞ்சா எம்புட்டுன்னு நிறுக்க எந்தத் தராசும் தாங்காதுங்க. ஒரு முனையை நான் தூக்குனா மறுமுனை என்னை இழுக்குது. வழுக்கி ஒரு தடவை நானே தொட்டிக்குள்ள விழுந்தேன். முத தண்ணி ஆரஞ்சுக் கலர்ல போச்சு. ரெண்டாம் தண்ணியும் ஆரஞ்சு. புலி உருக்குலைஞ்சு சாக்கடைக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கு. என் உடம்பெல்லாம் கொத்துக் கொத்தா அதோட மயிரு ஒட்டிக்கிச்சு.

“வாசனைப் பவுடரு போடாதீக, பிள்ளைக்கு ஆகாது. வெறும் சோப்பு. இன்னும் ரெண்டு தண்ணி அலசுங்க”ன்னு கீழ இருந்து உத்தரவு.

அந்த நேரம் பாத்துப் பால்சாமி போன் பண்றான். நான் லீவுல வந்தா ஸ்டோர் அவன் பொறுப்பு.

“அண்ணே, விறகு நனைஞ்சு போச்சு. தீ மந்தமா எரியுது. சூடு ஓடிரக் கூடாதுன்னு தட்டு மேலெல்லாம் சாக்கைப் போட்டு மூடிட்டேன். கையை வச்சுப் பாத்தேன், பதமாத்தான் இருக்கு.”

எனக்குக் கொதிச்சிருச்சு. அதுக்குள்ள அவனுக்குச் சிக்னல் போயிருச்சு. சோப்புக் கையோட வாட்சப்பைத் திறந்து, வாய்க்கு வந்ததையெல்லாம் பேசி அனுப்பிட்டேன். பதினாறு வருச அனுபவமும் அதுல இருந்துச்சு. திட்டி முடிச்சதும் மனசு லேசாச்சு. மறுபடியும் புலியைப் பிழிய ஆரம்பிச்சேன். பிழிய முடியலை, மேல ஏறி மிதிச்சேன்.

காயப் போட்டா காயணுமில்ல? வெள்ளி போச்சு. சனி சாரல். சனிக்கிழமை கோயிலுக்குப் போகலாம்னு, “என் கல்யாண வேட்டி எங்க?”ன்னு கேட்டேன். “காயுது”ன்னா. கொடியில பாத்தேன், புலிதான் தொங்குது. “வேட்டியைக் காணோமே?” “ராமுத்தாய் வீட்டுக் கொடியில காயுது.” சரின்னு கைலியோடயே கோயிலுக்குப் போயிட்டு வந்தேன். ராமுத்தாய் வீட்டுக் கொடியிலயும் என் வேட்டி இல்லை. ஆம்பளைக்கு ஒரு வேட்டி கிடைக்காத வீடும் ஒரு வீடா?

அப்பத்தான் எனக்கு ராணியோட திட்டம் புரிஞ்ச மாதிரி இருந்துச்சு. திங்கக்கிழமை நான் மலையேறணும். துவை, அலசு, காய வையின்னு நாளைத் தள்ளிவிட்டா, போர்வை போர்த்துறதுக்குள்ள என் லீவு முடிஞ்சிரும். அடிப் பாதகத்தி! என்னை யாருன்னு நினைச்சா? ஈரத்தைக் காய வைக்கிறதுதான் என் பொழப்பே. ஞாயித்துக்கிழமை விடியக்காலம் எந்திரிச்சு, மொட்டை மாடியில ரெண்டு கொடிக்கு நடுவுல புலியைக் காத்துப் போற மாதிரி விரிச்சு, அரை மணிக்கு ஒரு தடவை புரட்டிப் போட்டேன். மத்தியானம் மூணு மணிக்குக் கையில எடுத்து உதறுனேன். மொறமொறன்னு காஞ்சிருந்துச்சு.

புலியைத் தோள்ல போட்டுக்கிட்டுக் கீழ இறங்குனேன். அனுசியா பால் குடிச்சிட்டு, கட்டில் ஓரமாக் கிடக்கிற அவ மெத்தையில மல்லாக்கத் தூங்கிக்கிட்டு இருக்கா. மேல குடை மாதிரி கொசுவலை. ராணியும் ராமுத்தாயும் தரையில உக்காந்து முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருக்காக. காத்தாடி ஓடுது. அமத்துனேன்.

“காஞ்சிருச்சு”ன்னேன்.

ராணி நிமிந்து பாத்தா. “நல்லாக் காஞ்சிருச்சா?”

“பதினாறு வருச ஸ்டோர்க்காரன் சொல்றேன், காஞ்சிருச்சு. இப்பப் போர்த்தப் போறேன். எவ தடுக்குறான்னு பாப்போம்.”

“போர்த்துங்க. நான் தடுக்கலை. ஒரே ஒரு நிமிசம், இதைக் கேட்டுட்டுப் போர்த்துங்க. பிள்ளைகளை எப்படி வச்சுக்கணும்னு ஒருத்தர் பேசியிருக்காரு. ராமுத்தாய்க்கு வந்துச்சு.”

“யாரு, டாக்டரா?”

“டாக்டரை விடப் பெரிய ஆளு. கேளுங்க.”

ராமுத்தாய் போனை அமுக்குனா. கரகரன்னு ஒரு குரல். எடுத்த எடுப்புல கத்துது.

‘மூச்சு விடணும்டா! மேல போட்டு மூடுனா ஆவி எங்கடா போகும்? உள்ளயே வேர்த்து, உள்ளயே வெந்துராதா?’

“சரியாத்தான் சொல்றான்”ன்னேன். உண்மை யாரு சொன்னாலும் ஒத்துக்கிற ஆளு நான்.

‘சூடு இருக்கா இல்லையான்னு கையை வச்சாப் பாத்த? உன் கையும் ஒரு கையா? தீயில வெந்த கைக்கு என்னடா தெரியும் சூடும் குளிரும்!’

“ஆளு விவரமான ஆளுதான். யாரு இது, மதுரைக்காரரா?”

‘அது வாய் விட்டுச் சொல்லாதுடா, எனக்கு வேர்க்குதுன்னு! நாமதான் பாக்கணும்! மூடுறவனுக்கு ஒரு நிமிசம், கருகுறது அதுதானடா! இப்பவே போயிச் சாக்கை எடுக்குற. எடுத்துட்டு எனக்குப் போன் பண்ற. கேட்டுச்சாடா, பால்சாமி?’

பால்சாமின்னதும்தான் எனக்கு விளங்குச்சு. சாமி சத்தியமாச் சொல்றேன், நம்ம குரலு போன்ல கேட்டா நம்ம குரலு மாதிரியே இருக்காதுங்க.

“அவரு எனக்கு அனுப்பிவிட்டாருண்ணே”ன்னா ராமுத்தாய், தலையைக் குனிஞ்சுக்கிட்டு. “‘உங்கண்ணன் என்னை எப்படித் திட்டுறாருன்னு கேளு’ன்னு.”

ராணி சத்தமே போடலை. “காய்க்கு ஒரு நியாயம், பிள்ளைக்கு ஒரு நியாயமா?”ன்னு மெல்லக் கேட்டா. எந்திரிச்சு வந்து என் வலது கையைப் பிடிச்சு விரிச்சா. உள்ளங்கை காய்ச்சுப் போய்க் கிடக்கு. ரெண்டு விரல்ல சுட்ட தழும்பு. “இந்தக் கைக்குக் கொதிக்கிற டீ ஆறிப் போச்சு. இதை வச்சா பிள்ளைக்குக் குளிருதுன்னு பாத்தீக?”

நான் தோள்ல புலியோட நின்னேன். நான் பேசுனதுக்கு நானே பதில் சொல்லணும்னா எப்படிங்க சொல்றது? அநியாயம் இல்லையா? ஒரு மனுசன் தொழில் விசயமாப் பேசுனதைக் குடும்பத்துக்குள்ள கொண்டு வரலாமா?

கோவம் வரணும். வரலை. “எனக்கு மட்டும் தெரியாதா ராணி?”ன்னேன். “மாசத்துக்கு நாலு நாள். என்னைப் பாத்தா அழுவுறா. நான் போனப்பொறவு என்னோடதுன்னு ஒண்ணு அவகிட்டக் கிடக்கட்டும்னுதான் வாங்குனேன். வேற என்ன இருக்கு எனக்கு?”

ராமுத்தாய் கீரையையே பாத்துக்கிட்டு இருந்தா. ராணி கொசுவலையை லேசாத் தூக்குனா. “இங்க வாங்க. மெத்தை விரிப்பைப் பாருங்க.”

பாத்தேன். வெள்ளைத் துணி. துவைச்சுத் துவைச்சு மெத்துன்னு ஆன பருத்தி. சுருக்கம் இல்லாம இழுத்து, நாலு பக்கமும் மெத்தைக்கு அடியில இறுக்கமாச் செருகியிருக்கு. ஓரத்துல ஒரு பச்சைக் கரை.

“உங்க வேட்டிதான். பொறந்த நாள்ல இருந்து இதுலதான் படுத்திருக்கா. நீங்க மலைக்குப் போனதும் ரெண்டு நாளைக்குச் சாயங்காலமானா அழுவா. வேற விரிப்பு விரிச்சா அழுகை நிக்காது. இதை விரிச்சா நின்னுரும். எத்தனை தண்ணி துவைச்சாலும் அதுல ஏலக்கா வாசம் போகலை.”

கண்ணு கலங்கிருச்சுங்க, பொய் சொல்லலை. குனிஞ்சு மோந்து பாத்தேன். எனக்கு ஒரு வாசமும் தெரியலை, பதினாறு வருசமா அதுலயே கிடக்கிற மூக்கு. ஆனா என் மக தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சு, அதுமேல கன்னத்தை வச்சுத் தூங்கிக்கிட்டு இருந்தா. அப்படியே பாத்துக்கிட்டே இருந்தேன்.

பாத்துக்கிட்டே இருந்தப்பத்தான் அந்தப் பச்சைக் கரை எதோடதுன்னு உறைச்சுச்சு.

“ஏ புள்ள! இது என் கல்யாண வேட்டி!”

“அதுதான் நல்ல துணி.”

“அப்ப எட்டு முழம்?”

“மாத்து விரிப்புக்கு வேணாமா? அதை நாலாக் கிழிச்சுட்டேன்.”

“இன்னொண்ணு இருந்துச்சே, தீபாவளிக்கு எடுத்தது?”

“அவ போட்டிருக்கிற சட்டையைப் பாருங்க.”

பாத்தேன். கைவைக்காத சின்னச் சட்டை, முடிச்சுப் போட்டுக் கட்டுற நாடா, அதுல மயில்கண் கரை. நான் ஒரு தடவை கூடக் கட்டாத வேட்டி. மூணு நாளா ‘துவைக்கப் போட்டிருக்கு, காயுது’ன்னு சொன்னாளே, அதுல ஒண்ணும் பொய் இல்லைங்க. துவைக்கத்தான் போட்டிருந்தா, காயத்தான் செஞ்சுது. துண்டு துண்டா.

“உங்களுக்குக் குளிருச்சுன்னா நீங்க போர்த்திப் படுங்க”ன்னா ராணி. “நல்ல போர்வைதானே, வீணாவா போகும்? சட்டமாக் கட்டில்ல ஏறிப் படுங்க.”

போய் காத்தாடியைப் போட்டா. ரெண்டுல இல்லை, மூணுல இல்லை, அஞ்சுல வச்சா. ஒம்பது வருசத்துல அந்தக் காத்தாடி அஞ்சுல ஓடி நான் பாத்ததே இல்லை. அமத்தணும்னு கை போச்சு. ஆனா இனிமே எந்த முகத்தோட அமத்துறது? கையில நாலு கிலோ எழுநூறு போர்வையை வச்சுக்கிட்டுக் குளிருதுன்னு சொல்ல முடியுமா? கட்டில்ல ஏறிப் புலியை இழுத்துப் போர்த்திக்கிட்டேன். கதகதன்னு இருந்துச்சு. அது வேற விசயம்.

அந்தக் காத்துச் சத்தத்துல அனுசியா முழிச்சுட்டா. ராணி கொசுவலையை எடுத்துட்டுப் பிள்ளையை மடியில வச்சுக்கிட்டா. பிள்ளை திரும்பி என்னைப் பாத்துச்சு. குல்லாய் இல்லை. கழுத்துக்கு மேல என் தலை, கழுத்துக்குக் கீழ புலித் தலை. நான் அழுகைக்குத் தயாரா மூச்சைப் பிடிச்சுக்கிட்டேன்.

சிரிச்சுச்சுங்க. பொக்கை வாயைத் திறந்து, காலை உதைச்சு, சத்தம் போட்டுச் சிரிச்சுச்சு. என்னைப் பாத்துச் சிரிச்சுச்சா, புலியைப் பாத்துச் சிரிச்சுச்சான்னு நீங்க கேக்கலாம். என்னைப் பாத்துத்தான். அதுல எவனும் பேச்சு வச்சுக்க வேணாம்.

அந்த நேரத்துல போன் அடிச்சுச்சு. பால்சாமி.

“அண்ணே, அன்னைக்கே சாக்கை எடுத்துட்டேன். நேத்தே காயெல்லாம் காஞ்சு இறக்கியாச்சு. நிறம் பச்சைப் பசேல்னு நிக்குது. நீங்க திட்டுனது நல்லதாப் போச்சு.”

“சரிடா.”

“போர்வை பத்துதாண்ணே? கால் வெளிய தெரியுதா?”

“யாரு கால்டா?”

“உங்க கால்தாண்ணே. மதினி போன மாசம் நூல்ல அளந்து ராமுத்தாய்கிட்டக் குடுத்துவிட்டுச்சுல்ல? ‘உங்கண்ணன் தனக்குன்னா செத்தாலும் வாங்க மாட்டாரு. பிள்ளைக்குன்னா வாங்குவாரு. அந்தப் பேச்சை எடுத்தாருன்னா கூடப் போயி, இந்த நூலுக்குக் கொறையாமப் பாத்து வாங்க வையி’ன்னு சொல்லி.”

போன மாசம் நான் படுத்திருந்தப்ப ராணி என் தலையில இருந்து கால் வரைக்கும் ஒரு நூலைப் பிடிச்சது ஞாபகம் வந்துச்சு. எதுக்குன்னு கேட்டதுக்கு, கண்ணேறு கழிக்கிறேன்னா. என்னையும் கண்ணு வைக்கிறதுக்கு ஊர்ல ஆளு இருக்குன்னு ரெண்டு நாளாப் பெருமையாத் திரிஞ்சேன் நான்.

போனை வச்சுட்டு ராணியைப் பாத்தேன். அவ பிள்ளையைக் கொஞ்சிக்கிட்டு இருந்தா. “என்னவாம் பால்சாமி?”ன்னா, என் பக்கம் திரும்பாமலே.

“காய் நல்லா இருக்காம்.”

போர்வைக்குள்ள காலை நல்லா நீட்டிப் பாத்தேன். ஒரு விரல் கூட வெளிய தெரியலை.